சனிக்கிழமை பாப்பம்

…கழற்றிய ஸ்குறூக்களை எல்லாம் பனடோல் போத்தல் மூடிக்குள்தான் போட்டார், ஒவ்வொன்றாக விழுந்த சத்தம்கூட இன்னும் காதில் நிற்கிறது, பிறகு எப்படி இந்த மூலைக் குழிக்கு மட்டும் ஸ்குறூ இல்லை, இதற்கு முதலே யாரோ கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், யார், ரஜியா… சீ, அவன் எங்கே கழற்றப் போகிறான், பழுது என்றால் அப்பா, பசி என்றால் அம்மா, அவ்வளவுக்குள் உலகத்தை வைத்திருந்த பிள்ளை அவன். கடையிலிருந்தே அந்த ஸ்குறூ இல்லாமல் வந்திருக்கும். அல்லது காருக்குள் அடிபட்டபோது கழன்றிருக்கும். அதை நினைக்காதே. சச்சிதானந்தன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, இறந்துபோன தன் மகனின் மடிக்கணினியின் வயிற்றுக்குள் குனிந்து பார்த்தார். பேஸ்மென்ற் யன்னலுக்கு வெளியே பாதி உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது, மிச்சப் பாதியால் வந்த மத்தியான வெளிச்சம் போதாதென்று மேசை விளக்கையும் இழுத்து வைத்திருந்தார். தூசி, பிஸ்கற் துகள், காற்றாடியின் இதழில் சுற்றிக்கொண்டு ஒரு தலைமயிர். சுருண்ட கறுப்பு மயிர். தூசியை ஊதவென்று வாயைக் குவித்தவர் அப்படியே மூச்சை அடக்கிக்கொண்டார். ஊதினால் போய்விடும். போனால் என்ன, மயிர்தானே, மேலே அலுமாரிக்குள் அவனுடைய சீப்பே இருக்கிறது… இருந்தாலும் ஊதவில்லை. தேத்தண்ணி ஆறமுதல் முடிகிற வேலை என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் சொன்னான், அவன் இப்படி மயிரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கவில்லை.

வேலை என்னவோ சின்ன வேலைதான். கணினி வைஃபை பிடிப்பதற்கு உள்ளே ஒரு கார்ட் இருக்கிறது, பிஸ்கற்றில் பாதி அளவு, பச்சை நிறம், பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக வேண்டும், பிறகு அதற்குரிய மென்பொருளை ஏற்ற வேண்டும், முடிந்தது. முடிந்து என்ன வரப்போகிறது? அதைத்தான் அவரால் தனக்கே சொல்ல முடியவில்லை. மகள் அட்சயா வோட்டர்லூவில் படிக்கிறாள், அவளிடம் புதிது ஒன்று இருக்கிறது. மனைவி கோணேஸ்வரிக்குப் போன் போதும். அவருக்கோ இந்தச் சாமானால் ஐந்து சதத்துக்குப் பயன் இல்லை. பயன் பார்த்தா செய்கிறார், சொன்ன சொல் ஒன்று நிற்கிறது, அதுதான். ‘அப்பா, வைஃபை தெரியுது, பட் கனெக்ட் ஆகுதில்லை, ஐ திங்க் த கார்ட் இஸ் டெட், புதுசு ஒண்டு போட்டுத் தாறியளோ’ என்று ரஜிதன் இந்தப் படிக்கட்டின் தலைப்பில் நின்று கேட்டான், கையில் இதே கணினி, ஒரு காலில் மட்டும் சொக்ஸ். அவர் அப்போதுதான் வேலையால் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். படிக்கிறதுக்கோ விளையாடுறதுக்கோ என்று கேட்டார். படிக்க, இண்டைக்கு அசைன்மென்ற் அனுப்ப வேணும் என்றான். நம்பினாரா? இல்லை. விடிய விடிய விளையாடிவிட்டு மத்தியானம் எழும்புகிற பிள்ளையை எந்தத் தகப்பன் நம்புவான். ‘சனிக்கிழமை பாப்பம்’ என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் ஆட்களின் இந்தப் ‘பாப்பம்’ இருக்கிறதே, அதற்குள் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை, சொல்கிறவருக்கு ஒரு பாரமும் இல்லை, ஆனால் பிள்ளைகள் அதை ‘இல்லை’ என்றுதான் எடுப்பார்கள். ‘ஓகே’ என்றான். போனில் டேற்றாவும் முடிந்துவிட்டதாம், கோப்பிக்கடையில் வைஃபை இருக்காம், அங்கே போய் அனுப்பிப்போட்டு வாறன் என்று ஜக்கற்றை எடுத்தான். ‘சாப்பிட்டிட்டுப் போ தம்பி’ என்று குசினி வாசலில் வந்து நின்றாள் கோணேஸ்வரி. வந்து சாப்பிடுறன் என்றான். மற்ற சொக்ஸை அவன் போட்டானா இல்லையா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

வெளியே ஐஸ் மழை. மழையாக விழுந்து நிலத்தில் பட்டவுடன் கண்ணாடியாகிற மழை, அதைப்பற்றி ஸ்காபரோவில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவரே சச்சிதானந்தன்தான், கார் பழக்குகிற சச்சி அண்ணை என்றால் மோர்னிங்சைட்டிலிருந்து மார்க்கம் வரைக்கும் தெரியும், ஸ்ரியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுத அன்ரிமாரையெல்லாம் லைசென்ஸ் எடுக்க வைத்தவர். பாலத்திலை பிறேக்கைத் தொடாதேங்கோ, றோட்டுக்கு முதல் பாலம்தான் உறையும்… எத்தனை பேருக்குச் சொன்னார், அவனுக்கும் சொன்னார், அவனைப் பழக்கியதும் அவர்தானே. கிங்ஸ்ரன் றோட்டில் ரூஜ் ஆற்றுப் பாலத்தில்தான் கார் வழுக்கியது. தொட்டானா? தொட்டிருப்பான். தொடாமலும் இருந்திருக்கலாம், பொலிஸ்காரர் நின்று நிதானமாக ஏதோ விளங்கப்படுத்தினார், இவர் அந்த ஆளின் தொப்பியில் உருகிக்கொண்டிருந்த ஐஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பழக்குகிற காரில் பக்கத்துச் சீற்றுக்கும் ஒரு பிறேக் உண்டு, அவருடைய வலது கால் அந்தப் பிறேக்கிலேயே சீவித்த கால், யாருடைய காரில் ஏறினாலும் அது வெறும் நிலத்தை அழுத்தும், நித்திரையிலும் அழுத்தும், கோணேஸ்வரி இப்போது மற்ற அறையில் படுப்பதற்குக் காரணம் அந்தக் கால்தான் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறார்கள். காரில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கணினியை மட்டும் பையோடு அப்படியே கொண்டுவந்து தந்தார்கள், வெளியில் ஒரு கீறல் இல்லை, திரையில் ஒரு வெடிப்பு இல்லை, அப்பளம்போல ஒரு சாமான், அது தப்பி வருகிறது, அத்தனை உயரமாக வளர்ந்த பிள்ளை… சரி, விடு. அந்தப் பச்சைக் கார்ட் எங்கே இருக்கிறது என்று பார்.

எரித்ததும் அந்தச் சனிக்கிழமைதான். ‘பாப்பம்’ என்று அவர் சொன்ன அதே சனிக்கிழமை. செத்தவீட்டு ஹோல் அன்றைக்குத்தான் கிடைத்தது, அதற்கு யார் என்ன செய்வது. சனிப் பிணம் தனிப் போகாது என்று வயது போனவர்கள் குசுகுசுத்தார்கள், ஊரென்றால் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பலாம், இங்கே அந்தக் கோட் போட்ட மனேஜரிடம் போய்க் கோழி என்று கேட்க முடியுமா, கடைசியில் பக்கத்து வீட்டுச் சஜிதா கைப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பூவுக்குள் மறைத்து வைத்தாள். பிறிட்ஜ் முட்டை. அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, வெட்கம் கெட்ட சிரிப்பு, ரஜிக்கு முட்டை மணமே பிடிக்காது, துணைக்குப் போவதற்கு நான் இருக்கிறேனே, என்னைக் கட்டி அனுப்புங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றைக்குத்தான் கத்தினார். வந்த சனமெல்லாம் இலைக்கு முன்னால் இருக்கும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஒரு கார்ட் வாங்கிக் குடுத்திருந்தா என்ரை பிள்ளை வீட்டிலை இருந்திருப்பானே, நானெல்லோ அனுப்பினனான் என்று… விதி அண்ணை, உங்கடை கையிலை என்ன கிடக்கு என்று ஆட்கள் பிடித்து இருத்தினார்கள். கோணேஸ்வரி பரிமாறிக்கொண்டிருந்த வாளியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது, ஒரு பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்கவில்லை. அப்போ அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுப்பது? உங்கடை பிழை இல்லையப்பா என்று ஒரு சொல், ஒரேயொரு சொல், இந்த நாலு வருஷத்தில் அவள் சொல்லவில்லை. சாப்பாடு சூடாக வருகிறது, பிறஷர் குளிசை தண்ணீரோடு வருகிறது, பனிக்காலம் தொடங்கமுதல் அவருடைய கையுறையைத் தேடி எடுத்து வாசலில் வைக்கிறாள், மன்னிக்காதவள் இப்படிச் செய்வாளா? மன்னித்தவள் என்றால் வாயைத் திறக்க என்ன? இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் அவர் வீட்டுக்குள் விருந்தாளிபோல நடமாடப் பழகிவிட்டார்.

‘கீழை என்ன செய்யிறியள்?’ மேலேயிருந்து அவளுடைய குரல். ‘சும்மா, லைற் ஒண்டு மினுங்குது, அதைப் பாக்கிறன்’ என்றார், பொய் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது பார். உண்மையைச் சொல்ல முடியாது, இந்தக் கணினியைக் கண்டாலே அவளுக்கு முகம் மாறும், உதை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ, இல்லாட்டி எறிஞ்சு விடுங்கோ, ஏன் உதை வைச்சுக்கொண்டு மாரடிக்கிறியள் என்பாள், ஆனால் தானாகத் தொட்டு எறியவும் மாட்டாள். சின்ன ஸ்குறூட்றைவரால் கார்டைப் பிடித்திருந்த ஒற்றை ஸ்குறூவைத் திருகினார். அதற்கு முதல் இரண்டு வயர்கள், கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று, கார்டின் தலையில் கடுகளவு இரண்டு பொன் வளையங்கள், வயர்களின் நுனி அந்த வளையங்களில் போய்க் கவ்விக்கொண்டிருக்கிறது, நகத்தால் மெல்லக் கிளப்ப வேண்டும், வேகப்பட்டால் வளையம் கார்டிலிருந்து கழன்றுவிடும், பிறகு கார்ட் குப்பை, அதை வீடியோப் பொடியன் இரண்டு தரம் சொன்னான். கிளப்பினார். ஸ்குறூ கழன்றதும் கார்ட் தானாகவே தலையைத் தூக்கியது, அவருக்கு ஒரு திடுக்கம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இவ்வளவுதானா? இதற்காகவா? கறுப்பு அடையாளமோ எரிந்த மணமோ ஒன்றுமில்லை, பழுதான சாமான் மாதிரியே தெரியவில்லை. கழற்றமுதல் ஒருக்கால் போட்டுப் பார்த்திருக்கலாம், உண்மையிலேயே பிடிக்கவில்லையா என்று… பார்க்கவில்லை. பிள்ளை பழுது என்று சொன்னான், அன்றைக்குத்தான் நம்பவில்லை, இன்றைக்காவது ஒரு சொல்லை நம்புவோம் என்று நேரடியாகவே கழற்றத் தொடங்கிவிட்டார். புதியதைச் சரித்துச் செருகினார், அமுக்கினார், ஸ்குறூவைத் திருகினார், வயர்களைக் கவ்வ வைத்தார், வெள்ளை வயர் இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாவது தரம் டிக் என்றது.

மூடியைப் பூட்டி, வயரில் செருகி, பொத்தானை அமுக்கினால்… லைற் எரிந்தது. காற்றாடி ஒரு பெருமூச்சோடு சுற்றத் தொடங்கியது. அந்த மயிர். உள்ளே அதுவும் சுற்றுகிறது. கடவுச்சொல் ஒன்றும் கேட்கவில்லை, நேரே உள்ளே விட்டது, ரஜிதன் எதையுமே பூட்டாத பிள்ளை, கார்க் கதவு, வீட்டுக் கதவு, குளியலறை… அதற்கும் அவனுக்குப் பேச்சு விழும். திரையில் நயாகராவில் எடுத்த படம், மழைக்கோட்டுக்குள் நாலு பேரும், யார் யாரென்று தெரியாமல், நீலப் பொலித்தீன் மூட்டைகள்போல. அதன்மேல் ஒரு பெட்டி வந்து கார்டுக்கு டிரைவர் இல்லை என்றது. டிரைவர்! இதற்கும் டிரைவரா… சச்சி அண்ணையிடமே வந்து டிரைவர் கேட்கிறதா இது. அந்த மென்பொருளுக்கு அதுதான் பெயராம், அது இல்லாமல் கார்ட் அசையாது, அதை இன்ரநெற்றில்தான் எடுக்க வேண்டும், இன்ரநெற் வருவதற்கோ கார்ட் வேலை செய்ய வேண்டும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் நடக்கும், கலியாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. நல்ல காலம், கார்டோடு வந்த துண்டுத்தாளை வாசித்து, மேலே அட்சயாவின் பழைய கணினியில் அதை இறக்கி ஒரு பென்ட்றைவில் கொண்டுவந்திருந்தார். அந்தத் தாளில் இன்னொன்றும் போட்டிருந்தது, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு இலக்கம் உண்டு, பெருவிரல் ரேகைபோல, வீட்டு வைஃபை ஆளைப் பார்ப்பது அந்த இலக்கத்தை வைத்துத்தான், ஆகையால் கார்டை மாற்றினால் பழைய கணினியும் அதற்குப் புது ஆள். வாசித்தபோது அவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, புது ஆள்.

டிரைவர் ஏறியது. வலது பக்க மூலையில் விசிறிபோல அந்த அடையாளம் முளைத்தது, அயல் வீடுகளின் வைஃபைப் பெயர்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன, சஜிதாவின் வீடு, முன்வீட்டுச் சீனர்கள், பிறகு தங்களுடையது. கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தட்டினார். வட்டம் சுற்றியது. அவன் பார்த்ததும் இந்த வட்டத்தைத்தான், இதே கதிரையில் இருந்து, சுற்றிச் சுற்றிப் பிறகு முடியாது என்று சொல்கிற வட்டத்தை… தெரியுது, பட் கனெக்ட் ஆகுதில்லை… எவ்வளவு நேரம் பார்த்திருப்பான், எத்தனை தரம் நிற்பாட்டிப் போட்டிருப்பான்… மேசைக்குக் கீழே வலது கால் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது! செத்துக் கிடந்த கணினியின் மணிக்கூடு எப்போதோ ஒரு ஜனவரியில் நின்றது, ஒரே துள்ளலில் அது இன்றைக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை என்றது. அவருக்குக் கண் முட்டியது, ரஜி, இந்தா, போட்டுத் தந்திட்டன், சொன்ன மாதிரிச் சனிக்கிழமை போட்டுத் தந்திட்டன் என்று வாய்விட்டே சொன்னார், சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பியும் பார்த்தார், படிக்கட்டில் யாரும் இல்லை. அப்போதுதான் மேலே குசினியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

அதை எப்படி மறந்தார்? இந்த வீட்டு வைஃபைக்கு எசமானி கோணேஸ்வரிதான். வைஃபைப் பெட்டி பூட்ட வந்த பொடியன், அன்றைக்கு வீட்டில் அவள் மட்டும் இருந்தபடியால், அவளுடைய போனிலேயே, வீட்டில் யாருக்கு வைஃபை விடுவது என்று பார்க்கிற அந்த அப்பை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான், அன்றிலிருந்து அவளுக்கு ஒரே புளுகம், ஒரே பெருமை, யார் வந்தாலும் செருப்புக் கழற்றமுதல் அவளுடைய போன் டிங் என்று சொல்லும், குசினியில் நின்றபடியே பிரதீபா வந்திட்டாள் என்பாள், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பெயரோடு சொல்லும். அந்தக் கணினிக்கு அவன் என்ன பெயர் வைத்திருந்தான்… தன் பெயரைத்தான், வேறு யாருடையதை. சச்சிதானந்தன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். மேலே ஏதோ கரண்டி விழுந்தது. பிறகு நடை, மெல்லிய நடை, நடையில்லாததுபோல ஒரு நடை, பேஸ்மென்ற் கதவு திறந்தது, பாதிப் படி வரைக்கும் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கையில் போன், அதைச் சுடுசட்டியைப் பிடிப்பதுபோல உடம்புக்குத் தூரத்தில் பிடித்திருந்தாள்.

‘இஞ்சேருங்கோ…’ அது அவளுடைய குரலே இல்லை. ‘இது… ரஜிதன்ரை லப்டொப் வீட்டுக்கை வந்திருக்கு எண்டு… இதிலை…’

‘பயப்பிடாதையும், நான்தான், நான்தான் கிண்டினனான்’ என்று அவர் இரண்டு கையையும் காட்டினார், ஒன்றில் ஸ்குறூட்றைவர், மற்றதில் பழைய கார்ட், பிடிபட்ட கள்ளன் மாதிரி. ‘பாரும், பிடிச்சிட்டுது. சோக்காப் பிடிச்சிட்டுது.’

அவள் கணினியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், திரும்பவும் கணினியைப் பார்த்தாள். நயாகராவில் நாலு நீல மூட்டைகள். ‘எப்பிடி?’ என்றாள், அவரிடம் கேட்பதுபோல இல்லை, போனிடம் கேட்பதுபோல. ‘எப்பிடிப் பிடிக்கும்? நான் இன்னும் எடுத்துவிடேல்லையே.’

எதை என்று கேட்க அவருக்கு வாய் வந்தது, கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை, அவள் நீட்டியபடி வைத்திருந்த போனின் வெளிச்சம் அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது. மேலே புதிதாக ரஜிதன். அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், பக்கத்தில் ஒரு சிவப்புக் குறுக்குக் கோட்டோடு இன்னொரு பெயர், ஆங்கில எழுத்தில், தம்பி என்று. இந்த வீட்டில் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது ஒரேயொரு ஆள். அவருக்கு அவன் ரஜி, அட்சயாவுக்கு அண்ணா… தடுத்தது அவள். தடுத்தது கணினியை என்று நினைத்திருக்கிறாள், தடை போய் நின்றதோ கார்டின் இலக்கத்தில், கார்ட் மாறியதும் தடை பழைய கார்டோடு போய்விட்டது, அது அவளுக்குத் தெரியாது, அதனால்தான் வாய் தவறியது. ஏன் தடுத்தாள்? அதுவும் அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது, சஜிதா கோயிலில் வைத்து எல்லாத் தாய்மாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், கத்தாதேங்கோ, கூப்பிடாதேங்கோ, நெற்றை ஒருக்கால் நிப்பாட்டிப்போடுங்கோ, பிள்ளையள் தாங்களா மேலை வந்து சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பினம். சாப்பிட வரட்டும் என்று நிற்பாட்டியிருக்கிறாள். அவ்வளவுதான். சாப்பிட்டதும் விட்டுவிடலாம் என்று… அன்றைக்குக் குசினி வாசலில் அவள் வந்து நின்றபோது ஒரு கையில் அகப்பை, மற்றதில் போன் இருந்தது, இருந்தது, இப்போது தெரிகிறது, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், இவர் கார்டைப் பற்றியும் சனிக்கிழமையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார், தகப்பனுக்கு முன்னால் சொன்னால் பிள்ளைக்குக் கோபம் வரும், முதலில் சாப்பிடட்டும்… சாப்பிட்டிட்டுப் போ தம்பி. அவ்வளவுதான் வந்தது வாயில்.

கார்ட் பழுதில்லை. அப்படியென்றால் சனிக்கிழமையும் இல்லை, ‘பாப்ப’மும் இல்லை, நான் இல்லை, நான் அனுப்பவில்லை… அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது, அந்த இலேசு அவருக்கே பயமாக இருந்தது, பிறகு உடனேயே ஆத்திரம், பாவி, நாலு வருஷம், நான் சனத்துக்கு முன்னால் நெஞ்சில் அடிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றாயே, குழாயைத் திறந்துவிட்டு நின்றாயே, உங்கடை பிழை இல்லை என்று ஒரு சொல்… ஒரு சொல். எப்படிச் சொல்வாள்? அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்த சொல் அவளுடையதாக அல்லவா இருக்க வேண்டும். அதனால்தான் குளிசை, அதனால்தான் கையுறை, அதனால்தான் மற்ற அறை. விருந்தாளி வரும்போதெல்லாம் டிங் என்று போனைத் திறந்து, ஒவ்வொரு தரமும் அந்தச் சாம்பல் நிறப் பெயரைக் கண்டிருப்பாள், எடுத்துவிட ஒரு விரல் போதும், தம்பியை விடவா என்று அது கேட்கும், அதற்கு ஓம் என்று தட்ட அவளுக்குக் கை வரவில்லை. அவர் அவளைப் பார்த்தார். இறக்கி வைத்த மூட்டை எங்கே போகும், நிலத்திலா கிடக்கும், அந்தப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த மெலிந்த தோளுக்கு அல்லவா போகும். அதில் ஏற்கெனவே அது இருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான், கார்டும் பழுதாக இருந்திருக்கலாம் என்ற ஒரு சின்ன இடைவெளியில்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். பழைய கார்டைத் திரும்பச் செருகி, அவள் அந்தப் பெயரைத் தட்டிவிட்டால், வட்டம் ஒருக்கால் சுற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவளும் அதைத்தான் நினைக்கிறாள் என்று அவள் கண் போன இடத்தில் தெரிந்தது.

‘அந்தப் பழைய கார்ட்…’ என்றாள். ‘அது உண்மையாப் பழுதுதானே?’

அவர் மேசைப் பக்கம் திரும்பினார், வெளிச்சத்தில் பார்க்கிறவர்போல விளக்கடியில் குனிந்தார், முதுகால் மறைத்துக்கொண்டு ஸ்குறூட்றைவரின் நுனியை அந்தக் கடுகளவு வளையத்துக்குக் கீழே வைத்துக் கிளப்பினார். சத்தமே வரவில்லை. இவ்வளவு இலேசாகவா கழரும். பிறகு திரும்பி வந்து, படிக்குக் கீழே நின்று, கார்டை அவளிடம் நீட்டினார். ‘பழுதுதான். இஞ்சை பாரும், வயர் பூட்டுற இடமே கழண்டு போச்சு, உதாலை எப்பிடிப் பிடிக்கும்? அவன் சரியாத்தான் சொன்னவன். நான்தான் மாத்திக் குடுக்கேல்லை.’ அதில் ஒன்றும் பொய் இல்லை, கார்ட் இப்போது பழுதுதான், எவர் வந்து எதில் செருகிப் பார்த்தாலும் இனிப் பழுதுதான். இறக்கி வைத்த மூட்டை திரும்பவும் ஏறியது, பழகிய பாரம், எந்தத் தோளில் எப்படி வைப்பதென்று அவருக்குத் தெரியும்.

கோணேஸ்வரி இரண்டு படி இறங்கி வந்து கார்டை வாங்கினாள். அதைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பெருவிரல் நுனியில், வியர்வையில், அந்தப் பொன் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கையை இழுக்க வேண்டும் போலிருந்தது, இழுக்கவில்லை. அவள் தன் நகத்தால் அதை மெல்ல எடுத்தாள், கண்ணாடி இல்லாமல் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்குமா, வெறும் தூசியென்று எடுத்தாளா, விரலை உரசி அதைக் கீழே விழவிட்டாள், பேஸ்மென்ற் கம்பளத்தில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. ‘ஓம்’ என்றாள், நாலு வருஷத்தில் முதல்முறையாக அவருடைய முகத்தை நேரே பார்த்து. ‘பழுதுதான்.’ நம்பித்தான் சொன்னாளா, இல்லை இனி நீங்களும் என்னைப்போல மறைக்கிற ஆள்தான் என்று சொன்னாளா, அவருக்குப் பிடிபடவில்லை. அவளுடைய போன் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.